வளைந்த இரும்பும் நிமிர்த்தும் கையும்

தில்லி மாநகரில் வாழும் தமிழர்களுக்கு மோதி பாக் என்னும் பெயர் புதியதன்று. நாடு விடுதலை பெற்ற பின்னர் அரசு அலுவலர்களுக்கென எழுந்த குடியிருப்புகளுள் அதுவும் ஒன்று. தென்னாட்டிலிருந்து பணி நிமித்தமாக வந்த குடும்பங்கள் பல அங்கே வாழ்ந்தன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அங்கே நடைபெறுகின்றது. மோதி பாக்கை அடுத்துச் சாணக்கியபுரியில் தேசிய இரயில் அருங்காட்சியகம் இருக்கின்றது. தெற்கே சில கல் தொலைவில் மெஹ்ரௌலியின் இரும்புத் தூண் நிற்கின்றது. முன்னதில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு உட்பட்டும் மேற்பட்டும் உள்ள பழம்பொறிகள். பின்னதில் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் கண்ட இரும்பு. இவ்விரண்டுக்கும் இடையே குடியிருக்கும் நமக்கு இரும்பின் வரலாற்றை அறிய வேறு பள்ளிக்கூடம் வேண்டுவதில்லை.

அவ்வரலாற்றில் ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். பழைய இரும்புப் பொருள் ஒன்று வளைந்து போயிருக்கின்றது. அதனை ஒடித்துவிடாமல் நிமிர்த்துவது எப்படி? நிமிர்த்தலாமா என்பதும் ஒரு கேள்வியே. இது கொல்லனுக்கு மட்டும் உரிய செய்தி என்று ஒதுக்கிவிடுதல் ஆகாது. ஊர் மாறி, மாநிலம் மாறி வாழும் நம் வீடுகளில் பாட்டன் காலத்துப் பாக்குவெட்டி, அரிவாள்மணை, ஊஞ்சல் சங்கிலி, பழங்கதவின் நாதாங்கி என ஏதேனும் ஓர் இரும்புப் பொருள் உடன் வந்திருக்கும். மாற்றலாகிச் செல்லும்போது லாரியில் நசுங்கி அது வளைந்தும் இருக்கும். சம்மட்டி கொண்டு ஓர் அடி அடித்தால் நிமிர்ந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. அந்த ஓர் அடியில் மூன்று தலைமுறையின் பொருள் இரண்டு துண்டாகிவிடுவதும் உண்டு.

இரும்பு என்று நாம் ஒரே பெயரால் வழங்குவது உண்மையில் மூன்று வகைப் பொருள். முதலாவது தேனிரும்பு. கரி மிகக் குறைவாக உள்ள இரும்பு இது; அடிக்க அடிக்க நீளும், வளைக்க வளையும். இதன் உள்ளே கசடு நூல் நூலாக ஓடிக் கிடக்கும். முறித்துப் பார்த்தால் கரும்பின் சோகையைப் போல நார் நாராகத் தெரியும். இரண்டாவது வார்ப்பிரும்பு. இதில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி உண்டு. உருக்கி அச்சில் வார்ப்பதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் வளையாது, ஒடியும். முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருக்கும். மூன்றாவது எஃகு. கரியின் அளவில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும். அக்கடினமே அதன் வலிமை, அதுவே அதன் ஆபத்து.

பண்டைக் காலத்தில் நம் நாட்டுக் கொல்லர்கள் சிறு மண் உலைகளில் மரக்கரியிட்டுத் துருத்தி ஊதி இரும்புத் தாதுவைக் காய்ச்சினர். இரும்பு உருகி ஓடும் அளவுக்கு அவ்வுலைகள் சூடேறுவதில்லை. ஆதலின் கசடு கலந்த பஞ்சு போன்ற ஓர் இரும்புக் கட்டியே கிடைக்கும். அதனைப் பழுக்கக் காய்ச்சி அடித்து அடித்துக் கசட்டைப் பிழிந்து எடுத்தால் தேனிரும்பு ஆகும். இரும்போடு கரியை மண் மூசையில் அடைத்து உருக்கி எடுக்கும் எஃகும் தமிழகத்தில் உண்டாயிற்று. தென்னார்க்காட்டு மேல்சிறுவாலூரில் அத்தகைய எஃகு செய்த இடத்தின் சான்றுகளை ஆராய்ச்சியாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்துள்ளார். ஐரோப்பியர் இதனை 'ஊட்ஸ்' என்று அழைத்தனர். மைக்கேல் ஃபாரடே போன்ற விஞ்ஞானிகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் மருமத்தை ஆராய்ந்தனர். இங்கிலாந்தில் ஹென்றி கார்ட் 1784இல் உலையில் கிளறித் தேனிரும்பு செய்யும் முறையைக் கண்டார். 1856இல் பெஸ்ஸமர் மலிவாக எஃகு செய்யும் வழியை வெளியிட்டார். அதன் பிறகு தேனிரும்பின் காலம் மெல்ல மெல்ல மறைந்தது. இங்கிலாந்தில் அதனை வாணிகத்திற்காகச் செய்துவந்த கடைசி ஆலையும் 1973இல் மூடப்பட்டது. ஆகவே பழைய தேனிரும்புப் பொருள் ஒன்று ஒடிந்து போனால், அதே இரும்பில் இன்னொன்று செய்து வைப்பது எளிதன்று.

மெஹ்ரௌலித் தூண் இத்தேனிரும்பின் பெருமைக்குச் சான்று. உயரம் 7 மீட்டருக்கு மேல். எடை 6 டன்னுக்கு மேல். அதில் பொறித்துள்ள 'சந்திரன்' என்னும் மன்னன் குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தனே என்பது அறிஞர் பலர் கொள்கை. இத்தூண் வார்த்ததன்று. இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சி ஒன்றோடு ஒன்று அடித்து ஒட்டி வளர்த்தது. 1912இல் சர் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் இதன் இரும்பை ஆராய்ந்து, அதில் கரியும் கந்தகமும் மிகக் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி என்று கண்டார். அந்தப் பாஸ்பரஸின் உதவியால் தூணின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுக்கின்றது என்பதைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் பின்னாளில் விளக்கினார்.

துருவைத் தடுக்கும் இதே பாஸ்பரஸுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது மிகுந்த இரும்பு குளிர்ந்த நிலையில் நொறுங்கும் இயல்புடையது. கந்தகம் மிகுந்த இரும்போ சூட்டில் வெடிக்கும் இயல்புடையது. நம் பழைய இரும்பு மரக்கரியில் காய்ந்தது. கல்கரியின் கந்தகம் அதில் ஏறவில்லை. ஆதலின் சூட்டில் அது கொல்லன் சொற்படி கேட்கும். குளிரில் மட்டும் அதனை நம்பி அடித்தல் கூடாது. பழைய இரும்பைக் காய்ச்சி நிமிர்த்த வேண்டும் என்று கொல்லர் கூறுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

தூணின் மேற்பகுதியில், ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தில், ஒரு பள்ளம் காணப்படும். பீரங்கிக் குண்டு பட்ட தழும்பு அது. 1739இல் தில்லியைச் சூறையாடிய நாதிர் ஷாவின் படைகள் செய்த வேலை என்று கூறுவோர் உளர். அடித்தவர் யாராயினும், வார்ப்பிரும்பாக இருந்திருந்தால் தூண் அன்றே முறிந்து விழுந்திருக்கும். தேனிரும்பாதலின் குழிந்து வாங்கிக்கொண்டு நின்றது. அப்பள்ளத்தை நிரப்பவோ தட்டிச் சமன் செய்யவோ எவரும் முற்படவில்லை. அது தூணின் வரலாற்றில் ஓர் ஏடாகிவிட்டது.

இனித் தமிழகத்தை நோக்குவோம். தஞ்சைக் கோட்டையின் பீரங்கி மேட்டில் ஏறத்தாழ 25 அடி நீளமுள்ள பெரும் பீரங்கி ஒன்று கிடக்கின்றது. இரகுநாத நாயக்கர் காலத்தது என்பர். அதுவும் வார்த்ததன்று, தேனிரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, அவற்றின் மேல் வளையங்களைக் காய்ச்சி ஏற்றிச் செய்தது. காய்ந்த வளையம் குளிரும்போது சுருங்கி உள்ளே இருப்பதை இறுகப் பற்றும். மாட்டுவண்டிச் சக்கரத்திற்குப் பட்டை பூட்டும் கொல்லன் அறிந்த அதே வித்தை. சூடு இரும்பை நெகிழச் செய்யும், குளிர்ச்சி இறுகச் செய்யும் என்னும் இந்த அறிவுதான் நிமிர்த்தும் தொழிலுக்கும் அடிப்படை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கே முதன்முதலில் தோண்டிப் பார்த்தார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். தாழிகளோடு வாள்களும் வேல்களும் பிற கருவிகளும் வெளிவந்தன. இரும்புக் கருவிகளின் முனைகள் கீழ்நோக்கியே இருந்தன என்று ரீ குறித்து வைத்தார். மண்ணில் ஊன்றி நிறுத்துவது போல அவற்றை வைத்திருந்தனர். ஒரு கருவி எப்படிக் கிடந்தது என்பதே ஒரு செய்தி என்பதை இக்குறிப்பு உணர்த்துகின்றது.

ஐரோப்பாவில் கெல்ட் இனத்தவர் இறந்தோருடன் வாளை வைக்கும்போது அதனை வேண்டுமென்றே வளைத்து வைத்தனர். மடித்துச் சுருட்டிய வாள்கள் பல கல்லறைகளில் கிடைத்துள்ளன. அவற்றை நிமிர்த்தினால் வாள் கிடைக்கும். ஆனால் அம்மக்களின் சடங்கு மறைந்துவிடும். இரும்பு வளைந்த வளைவு விபத்தா, போரின் வடுவா, மனிதர் எண்ணிச் செய்த செயலா என்று கேட்ட பின்னரே நெருப்பை மூட்ட வேண்டும். நம் ஔவையார் அறிந்த உண்மை இது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற அவர், அங்கே நெய் பூசி மயிற்பீலி அணிந்து புதுமை குன்றாதிருந்த படைக்கலங்களைக் கண்டார். தம் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வது போலவே இகழ்ந்துரைத்தார். புறநானூற்றின் அப்பாட்டு, சிதைவு சில நேரங்களில் சிறப்பாகும் என்பதைக் காட்டுகின்றது. அதே பாட்டு இன்னொன்றையும் சொல்லாமல் சொல்கின்றது: சிதைந்த வேலைச் சீர்செய்யும் பட்டறை ஊருக்கு ஊர் இருந்தது.

பயன்படும் பொருளைச் சீர்செய்வது வேறு. சான்றாக நிற்கும் பொருளைக் காப்பது வேறு. இவ்விரண்டும் சந்திக்கும் இடமே மோதி பாக்கை அடுத்த இரயில் அருங்காட்சியகம். 1971 அக்டோபர் 7இல் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி அடிக்கல் நாட்ட, 1977 பிப்ரவரி 1இல் அது திறக்கப் பெற்றது. அங்கே பட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள இரயிலின் நீராவி என்ஜின் இருக்கின்றது. ஒரே தண்டவாளத்தின் மேல் ஓடிக்கொண்டே, பக்கத்தில் ஒரு பெருஞ்சக்கரத்தைச் சாலையில் ஊன்றிச் சமநிலை காக்கும் விந்தைப் பொறி அது; பெர்லின் நகரத்து ஓரன்ஸ்டைன்–கோப்பல் நிறுவனம் செய்தது. 1927இல் அந்த இரயில் நின்றது. 1962இல் மைக் சாட்டோ என்னும் ஆங்கிலேயர் பட்டியாலாவில் கழிவு இரும்புக் குவியலிடையே அதனைக் கண்டெடுத்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அதனை வடக்கு இரயில்வேயின் அமிர்தசரஸ் பட்டறையினர் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொணர்ந்தனர்.

அவ்வருங்காட்சியகத்தில் நெடுங்காலம் சிறப்பிடம் பெற்றிருந்த 'ஃபேரி குவீன்' என்ஜினும் நம் கவனத்திற்கு உரியது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் உருவாயிற்று. பெஸ்ஸமரின் எஃகுக்கு ஓராண்டு முந்தியது. தேனிரும்புக் காலத்துப் படைப்பு. 1909இல் ஓய்வு பெற்றது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்து, 1997இல், மீண்டும் பயணிகளை ஏற்றிக்கொண்டு தில்லியிலிருந்து அல்வாருக்கு ஓடிற்று. அதற்கு உயிர் கொடுத்தவர்கள் சென்னைப் பெரம்பூர்ப் பட்டறையின் தொழிலாளர்கள். அதன் உடன்பிறப்பாகிய 'எக்ஸ்பிரஸ்' என்னும் என்ஜினையும் அவர்களே 2010இல் ஓட வைத்தனர். தில்லியில் குடியேறிய தமிழர், தம் வீட்டருகே இருந்த பழம்பொறியை மீட்ட கைகள் பெரம்பூரின் கைகள் என்று சொல்லிப் பெருமைப்படலாம்.

இனி நிமிர்த்தும் முறையைச் சுருங்கக் காண்போம். கொல்லர் தெருவில் ஊசி விற்பது போலாகும் எனினும், கொல்லரல்லாத நேயர்களுக்கு இது பயன்படும்.

முதலில் இரும்பின் இனத்தை அறிக. வார்ப்படக் கோடு விளிம்பில் ஓடினாலும், பூவேலைப்பாடு அச்சில் ஊற்றியது போல் மழுங்கி இருந்தாலும் வார்ப்பிரும்பு என்று கொள்க. அதனை அடித்தலும் நெம்புதலும் வேண்டா. ஒடிந்து விட்டால் பித்தளைப் பற்று வைத்தோ, ஆணியடித்து இணைத்தோ பொருத்தலாம்; நிமிர்த்தும் முயற்சி பெரும்பாலும் ஒடித்தலிலேயே முடியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையைச் சாணையில் இலேசாகத் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. தேனிரும்பின் பொறி நீண்டு வைக்கோல் நிறத்தில் ஓடும். கரி மிகுந்த எஃகின் பொறி வெண்மையாகப் பூப்பூவாக வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறி சிவந்து குறுகி அடங்கும்.

அடுத்து, பழைய வண்ணப்பூச்சையும் துத்தநாகப் பூச்சையும் அகற்றுக. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். துத்தநாகம் எரிந்தாலும் நச்சுப் புகை எழும். துருவைத் துடைத்துப் பார்த்து விரிசல் உண்டா என்று நோக்குக. விரிசலின் மேல் அடித்தால் அது வாய் பிளக்கும்.

பின்னர்ச் சூடு. வளைவின் இடத்தை மட்டும் காய்ச்சாமல், அதன் இருபுறமும் சற்று நீளம் சேர்த்து மெல்லக் காய்ச்ச வேண்டும். மரக்கரி நெருப்பே சிறந்தது. கல்கரியின் கந்தகம் இரும்பைக் கெடுக்கும். தேனிரும்பு நன்கு சிவந்து ஆரஞ்சு நிறம் காட்டும்போது, ஏறத்தாழ 900 பாகைச் சூட்டில், மெழுகு போல் இணங்கும். அப்பொழுது வளைவின் முதுகு மேலே இருக்குமாறு மரக்கட்டையின் மேல் வைத்து, கொட்டாப்புளியால் மெல்ல மெல்லத் தட்டுக. இரும்புச் சுத்தியல் தழும்பு விட்டுவிடும்; மரம் விடாது. தட்டுவதைக் காட்டிலும் பட்டறைப் பிடியில் மரத்துண்டுகளுக்கிடையே வைத்துத் திருகி அழுத்துவது இன்னும் மென்மையானது. ஒரே முறையில் முழுவதும் நிமிர்த்த எண்ணுதல் கூடாது. ஒவ்வொரு சூட்டிலும் சிறிதளவே நிமிர்த்தி, மீண்டும் காய்ச்ச வேண்டும்.

சிவப்பு மறைந்து கருமை படரத் தொடங்கினால் கையை நிறுத்திவிட வேண்டும். 200 முதல் 350 பாகை வரையுள்ள சூட்டில், நீல நிறம் படியும் நிலையில், இரும்பு குளிர்ந்த நிலையைவிட எளிதில் ஒடியும். ஆறிக்கொண்டிருக்கிறதே, இன்னும் சூடு இருக்கிறதே என்று கடைசியாக ஓர் அடி அடிப்பவர் பலர் இங்கேதான் பொருளை இழக்கின்றனர். நிமிர்த்தி முடித்ததும் தண்ணீரில் நனைத்தல் தகாது. தேனிரும்பு பொறுத்துக்கொள்ளும், எஃகாயின் கடினமாகி வெடிக்கக்கூடும். சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். இளஞ்சூட்டில் ஆளிவிதை எண்ணெயையோ மெழுகையோ பூசினால் துரு அணுகாது.

எஃகு வாள், கத்தி, சுருள்வில் போன்றவை இவ்வழிக்கு வாரா. அவற்றைச் சிவக்கக் காய்ச்சினால் கொல்லன் கொடுத்த தோய்ச்சல் போய்விடும். ஊட்ஸ் எஃகாயின் அதன் மேல் நீரோட்டம் போல் தெரியும் அழகிய வரிகளும் மிகுசூட்டில் அழிந்துவிடும். அவற்றை வல்லுநரிடமே ஒப்படைக்க வேண்டும்.

மண்ணிலிருந்து கிடைத்த இரும்பு இவை அனைத்துக்கும் புறம்பானது. வெளியே இரும்பு போல் தோன்றினும் உள்ளே பெரும்பகுதி துருவாக மாறியிருக்கும். சில இடங்களில் இரும்பே எஞ்சியிராது. அதனைக் காய்ச்சினால் நொறுங்கும். நொறுங்காவிடினும், பண்டைக் கொல்லன் எப்படிக் காய்ச்சினான், எப்படித் தோய்த்தான் என்னும் சான்று அதன் உள்ளமைப்பிலிருந்து அழிந்துபோகும். ஆகவே அருங்காட்சியக வேதியியலார் அதனை நிமிர்த்துவதில்லை. எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து உள்ளிருப்பதை அறிந்து, துருவைத் தூண்டும் உப்பை நீக்கி, காற்றின் ஈரம் படாமல் காக்கின்றனர். சென்னை அருங்காட்சியகத்தில் 1930லேயே இதற்கென ஆய்வுக்கூடம் அமைந்தது, டாக்டர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் பழைய உலோகப் பொருள்களைத் தூய்மை செய்யும் பணியில் அங்கே முன்னோடியாக விளங்கினார். ஊர்ப்பக்கம் நிலத்தைத் தோண்டும்போது இத்தகைய பொருள் கிடைத்தால் சுத்தியலை எடுக்க வேண்டா. மாவட்ட ஆட்சியருக்கு அறிவியுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வேண்டுவதும் அதுவே.

நிமிர்த்தத் தக்க பொருளை நிமிர்த்தும் கைகள் தில்லியில் இல்லாமற் போகவில்லை. சாலையோரங்களில் வண்டியோடு தங்கித் தொழில் செய்யும் காடியா லோஹார் என்னும் கொல்லர் கூட்டத்தாரை நேயர்கள் கண்டிருப்பீர்கள். 1568இல் சித்தூர்க் கோட்டை வீழ்ந்தபோது, அது மீளும் வரை வீடு கட்டி வாழ்வதில்லை என்று அவர்தம் முன்னோர் சூளுரைத்தனர் என்பது அவர்கள் மரபு. 1955 ஏப்ரல் 6இல் பிரதமர் ஜவஹர்லால் நேரு அவர்களைச் சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். ஆயினும் அவர்களுள் பலரின் வாழ்வு இன்னும் வண்டியோடும் உலையோடும் சாலையோரத்திலேயே கழிகின்றது. ஆண் குறட்டால் இரும்பைப் பிடிக்க, பெண் சம்மட்டி ஓங்கி அடிப்பதை அங்கே காணலாம். சூட்டின் நிறத்தைக் கண்ணால் அளக்கும் பயிற்சி எந்தக் கருவியிலும் இல்லை. அது கை மாறிக் கை வருவது. ஆலைப் பொருள்கள் மலிந்த நாளில் அவர்களிடம் வேலை கொடுப்போர் குறைந்து வருகின்றனர். வேலை நின்றால் பயிற்சியும் நிற்கும்.

உங்கள் வீட்டில் வளைந்து கிடக்கும் பழைய தேனிரும்பு நாதாங்கியை இரும்புக் கடைக்காரனிடம் எடைக்குப் போடுவதற்கு முன் அத்தகைய ஒரு கொல்லரிடம் கொண்டு செல்லுங்கள். மேற்கூறியவற்றைச் சொல்லி, மெல்லக் காய்ச்சி மரத்தின் மேல் தட்டித் தரும்படி கேளுங்கள். நாதாங்கி நிமிரும், பட்டறையில் அன்று நெருப்பு எரியும். இரண்டும் காக்கத் தக்கவை.